தண்ணீர் வரைக்கும் போகலாமா?

கரையோரக் கட்டடங்களும் பொதுவழியும் பற்றி வாசகர்கள் கேட்டவை. பதில் எழுதுகிறவர், கரையோரக் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் 26 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

கடலை ஒட்டி ஒரு பெரிய குடியிருப்பு வரப்போகிறது. "மணல் பொதுச் சொத்துதான், உங்களை யாரும் தடுக்கப் போவதில்லை" என்கிறார்கள். அப்புறம் எதற்குப் பொதுவழி என்று தனியாகக் கேட்க வேண்டும்?

மணல் பொதுச் சொத்து, சரி. அந்த மணலுக்கு எந்த வழியாகப் போவீர்கள்? வானத்திலிருந்தா குதிப்பீர்கள்?

எங்கள் வேலையில் இரண்டு வழிகளைப் பிரித்துப் பேசுவோம். தண்ணீரை ஒட்டி, கரையோடு நீள்வது ஒன்று. அதைக் கரைப்பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையிலிருந்து தண்ணீருக்கு இறங்குவது இன்னொன்று, இறங்குபாதை. கரைப்பாதையைக் கட்டுகிறவர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள், ஏனென்றால் பல இடங்களில் அது முதலிலிருந்தே அவர்களுடையது இல்லை. இறங்குபாதையைக் கேட்டால்தான் முகம் மாறும். மனைக்குள் ஒரு கோடு கிழிக்க வேண்டும், அதில் முன்பின் தெரியாதவர்கள் நடப்பார்கள்.

ஸ்பெயின் 1988-ல் போட்ட கடற்கரைச் சட்டம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. கரையோடு 6 மீட்டர் அகலத்துக்கு நடக்க இடம் விட வேண்டும். நகர்ப்பகுதியாக இருந்தால், கடலுக்கு இறங்கும் நடைவழிகளுக்கு நடுவே 200 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வண்டி வழி என்றால் 500 மீட்டர். இந்த 6-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அந்த 200தான் முக்கியம். இந்தியாவின் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் விடுதிகளுக்கான பகுதியைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் போக 20 மீட்டராவது இடைவெளி விடு என்கிறது, நல்லது. அடுத்த வரியில், அந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால், வழிகள் நெருங்கி வந்துவிடக் கூடாது என்றுதான் அர்த்தம் வருகிறது. ஸ்பெயின்காரர் 'இதற்கு மேல் தள்ளிப் போகாதே' என்கிறார், இங்கே 'இதற்கு மேல் கிட்ட வராதே'. ஒரு சொல் புரண்டால் போதும்.

எண் சரியாக இருந்தாலும் ஏமாறலாம். என் கையெழுத்தோடு போன ஒரு பிளானைச் சொல்கிறேன். ஏழாம் தாளில் புள்ளிக் கோட்டில் பொதுவழி. ஸ்கேல் வைத்து அளந்தேன், 3 மீட்டர் அகலம், ஓர் இடத்தில்கூடக் குறையவில்லை. முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். கட்டி முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலக அட்டை எதுவும் இல்லாமல், சும்மா நடந்து போய்ப் பார்த்தேன். பொதுவழி தொடங்குவதே பிரதான வாசலின் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம். "எந்த பிளாட்டுக்கு சார்?" என்றார் வாட்ச்மேன். எந்த பிளாட்டுக்கும் இல்லை, கடலுக்கு என்றேன். அவர் கெட்டவர் இல்லை, குழம்பிப்போனார். பெயர், போன் நம்பர், பிளாட் எண் என்று கட்டம் போட்ட நோட்டைத் திறந்து பேனாவையும் கையில் கொடுத்தார். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. கடைசியில் 'கடல்' என்று எழுதினேன்.

உள்ளே ஜெனரேட்டர் அறைக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே போனது பாதை. விளக்கு கிடையாது. முனையில் ஒரு சின்னக் கதவு, தாழ்ப்பாள் உட்பக்கம் மட்டும். கடலுக்குப் போய்விடலாம், காற்றில் கதவு சாத்திக்கொண்டால் திரும்பி வர முடியாது. வரைபடத்தில் இருந்த 3 மீட்டர் தரையிலும் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் எந்த பிளான் வந்தாலும் தண்ணீர்ப் பக்கத்தை விட்டுவிட்டு, முதலில் சாலைப் பக்கத்தில்தான் விரலை வைப்பேன். உங்கள் கேள்வியும் அங்கேதான் இருக்க வேண்டும்: பொதுவழி சாலையில் எந்த இடத்தில் தொடங்குகிறது, அங்கே கதவு உண்டா, பலகை உண்டா?

நான் சிறிய அளவில் கட்டுமானத் தொழில் செய்பவன். காசு கொடுத்து வாங்கிய மனையில் கட்ட அனுமதி கேட்டால், "பொதுவழி விடு" என்கிறார்கள். இது பிடுங்குவது இல்லையா?

சில நேரம் பிடுங்குவதுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1987-ல் அப்படிச் சொல்லியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் வென்சுரா வட்டாரத்தில் நோலன் தம்பதிக்குக் கடலோரத்தில் ஒரு சின்ன பங்களா. அதை இடித்துவிட்டு மூன்று படுக்கையறை வீடு கட்ட அனுமதி கேட்டார்கள். பெரிய வீடு வந்தால் சாலையில் போகிறவர்களுக்குக் கடல் மறைந்துவிடும், அங்கே ஒரு கடற்கரை இருக்கிறது என்ற நினைப்பே போய்விடும் என்றது மாநிலக் கடலோர ஆணையம். அதற்கு விதித்த நிபந்தனையோ, வீட்டுக்குப் பின்னால் மணலில் மக்கள் குறுக்கே நடந்துபோக இடம் விடு என்பது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாலையில் நிற்பவருக்குக் கடல் தெரியவில்லை என்பது குறை. ஏற்கெனவே மணலில் இருப்பவர் நடக்க இடம் என்பது பரிகாரம். தலைவலிக்கு முழங்காலில் கட்டுப் போட்ட மாதிரி. 9 நீதிபதிகளில் 5 பேர், இப்படிச் சம்பந்தமில்லாத நிபந்தனை செல்லாது, அந்த நிலம் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்றார்கள். அதே தீர்ப்பில், சாலையில் போகிறவர்கள் வந்து நின்று கடலைப் பார்க்க மனையிலேயே ஓர் இடம் விடு என்று கேட்டிருந்தால் அது செல்லும் என்றும் இருக்கிறது. இதைப் பலரும் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நிபந்தனை போடுவதே தப்பு என்று நீதிமன்றம் சொல்லவில்லை.

1994-ல் இன்னொரு வழக்கு. ஆரிகன் மாநிலம் டைகார்டு நகரத்தில் பிளம்பிங் சாமான் கடையைப் பெரிதாக்கப் போனவரிடம், பின்னால் ஓடும் ஓடையோரமாக நிலமும் சைக்கிள் பாதையும் கேட்டது நகராட்சி. சைக்கிள் பாதை போட்டால் கடையால் கூடும் வாகன நெரிசல் கொஞ்சம் 'குறையக்கூடும்' என்று எழுதியிருந்தார்கள். கூடும் என்றால் போதாது, எவ்வளவு பாதிப்போ அந்த அளவுக்குத்தான் கேட்கலாம், அதைக் காட்ட வேண்டியது கேட்பவரின் பொறுப்பு என்றது நீதிமன்றம். நூலுக்கு நூல் கணக்கு தேவையில்லை, ஏறத்தாழப் பொருந்தினால் சரி.

இது அமெரிக்கச் சட்டம், எல்லா நாட்டுக்கும் இதே அளவுகோல் இல்லை. நியூசிலாந்தில் 1991-லிருந்து நீரோரத்து நிலத்தை 4 ஹெக்டேருக்குக் குறைந்த மனைகளாகப் பிரித்தால், கரையோடு 20 மீட்டர் அகலம் பொதுவுக்குப் போவதுதான் அடிப்படை விதி. பேரத்துக்கு அதிகம் இடமில்லை. உண்மையைச் சொன்னால், கட்டுகிறவருக்கு இது ஒருவகையில் நிம்மதி. மனை வாங்கும்போதே விலையில் அதைக் கழித்துக்கொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1965-லிருந்து இருக்கும் சட்டம், திட்டத்துக்கு ஒத்துவருகிற வரையில் 'சாத்தியமான அதிகபட்சப் பொதுவழி' என்கிறது. இப்படி எழுதினால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கூட்டம் போட வேண்டும்.

ஆகவே, என் கட்டடத்தால் மக்களுக்கு என்ன குறைகிறது, இந்த நிபந்தனை அதை எப்படிச் சரிசெய்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உங்கள் மனைக்குள்ளே ஏற்கெனவே ஒரு ஒற்றையடிப் பாதை தேய்ந்து கிடந்தால், அதை அடைத்துத்தான் கட்டப் போகிறீர்கள் என்றால், மாற்றுவழி கேட்பவரைக் கோபிக்காதீர்கள். இன்னொன்று, பொதுவழியை முதல் நாளே மனை ஓரத்தில் ஒதுக்கிவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது ஜெனரேட்டர் பக்கத்தில்தான் போய் விழும்.

கரை என்பது எதுவரை? எங்கள் பக்கத்து விடுதிக்காரர் வேலியைத் தள்ளிக்கொண்டே போகிறார்.

6-ஆம் நூற்றாண்டு ரோமானியர்களிடம் இதற்குத் தெளிவான பதில் இருந்தது. பேரரசர் ஜஸ்டினியன் தொகுத்த சட்ட நூலில் காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை நான்கும் எல்லோருக்கும் பொது. கரை என்பது குளிர்கால அலை உச்சமாக ஏறி வருகிற இடம் வரை. கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இன்றைக்குப் பல இடங்களில் சராசரி உயர் அலைக் கோடுதான் எல்லை, அதாவது கடல் ஏற்றத்தின்போது நீர் தொடும் மட்டத்தின் சராசரி. அமெரிக்காவில் 19 வருஷ அலை அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள், நிலாவின் சுற்றுப்பாதை ஒரு முறை ஊசலாடி முடிய 18.6 வருஷம் ஆவதால். அங்கேயே மசாசூசெட்ஸ், மெய்ன் இரண்டும் விதிவிலக்கு. 1640-களின் காலனிச் சட்டப்படி தாழ் அலைக் கோடு வரை, அதாவது கடல் இறங்கும்போது நீர் பின்வாங்கும் இடம் வரை, தனியாருக்குப் போகும், பொதுமக்களுக்கு ஈர மணலில் மீன் பிடிக்க, பறவை வேட்டையாட, படகு விட உரிமை. சும்மா காலாற நடப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆக, உங்கள் பகுதிக்கு எந்தக் கோடு என்று முதலில் கேளுங்கள். அப்புறம் அந்தக் கோடு எந்த வருஷம் அளந்தது என்று கேளுங்கள். வேலிக்காரர் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் தடுமாறுவார்.

நாங்கள் காலங்காலமாக நடந்த பாதையில், "உரிமையாளர் அனுமதியுடன் நடக்கலாம்" என்று புதிதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். நல்ல மனுஷர் என்று ஊரே பாராட்டுகிறது. உங்கள் கருத்து?

நல்ல மனுஷராகவே இருக்கலாம். அவருடைய வக்கீல் இன்னும் கெட்டிக்காரர்.

யாரையும் கேட்காமல், ஒளிக்காமல், சண்டை போடாமல் மக்கள் நீண்ட காலம் நடந்தால் அது பொதுவழியாகிவிடும் என்பது பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. இங்கிலாந்தில் 20 வருஷம். இதை முறிக்க ஒரு வழி, அனுமதி கொடுத்துவிடுவது. அனுமதி பெற்று நடந்தால் அது உரிமையாக நடந்ததாகாதே! கலிஃபோர்னியாவில் 1970-ல் ஒரு தீர்ப்பு, 5 வருஷம் மக்கள் பழகிய கடற்கரையை உரிமையாளர் பொதுவுக்கு விட்டதாகவே கொள்ளலாம் என்றது. மறு வருஷமே சட்டமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. அங்கே சில இடங்களில் கட்டட வாசல் நடைபாதையில் ஒரு சின்ன உலோகத் தகடு பதித்திருக்கும்: கடந்துபோகும் உரிமை, உரிமையாளரின் அனுமதியாலும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டும். செருப்புக் காலோடு அதன் மேல் நடந்துபோகிறவர்களில் எத்தனை பேர் குனிந்து படிப்பார்கள்?

பலகைக்கு முன்னால் எத்தனை வருஷம் நடந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் இப்போதே சேருங்கள். பழைய குடும்பப் படத்தில் பின்னணியில் அந்தப் பாதை விழுந்திருக்கும். வயதானவர்களின் வாக்குமூலத்தைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். பலகை வைத்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், கணக்கு அங்கேதான் நிற்கும்.

கரைப்பாதை போட்டுப் பத்து வருஷம்கூட ஆகவில்லை, கடல் பாதியைத் தின்றுவிட்டது. இப்போது பொதுவழி எங்கே?

பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சர்வே எண், மூலைக்கல் வைத்து எழுதியிருந்தால் உங்கள் வழி கடலுக்குள் போய்விட்டது. மீன்களுக்குப் பயன்படும். 'நீர் விளிம்பிலிருந்து இத்தனை மீட்டர்' என்று எழுதியிருந்தால் விளிம்போடு சேர்ந்து வழியும் உள்ளே நகர்ந்து வரும். நியூசிலாந்துச் சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே உண்டு, ஒன்று நிலையாக நிற்பது, மற்றது கரையோடு நகர்வது. இங்கிலாந்தின் 2009 சட்டப்படி கரையைச் சுற்றிப் போடும் நடைபாதையிலும், அரிப்பு வந்தால் பாதை பின்வாங்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க இடமுண்டு.

நகரும் வழி என்றதும் மயங்கிவிடாதீர்கள். டெக்சாஸில் 1959-லிருந்து கடற்கரையைத் திறந்துவைக்கும் சட்டம் இருக்கிறது. செடிகொடி தொடங்குகிற கோடுவரை மக்கள் போகலாம், கோடு நகர்ந்தால் உரிமையும் நகரும் என்றுதான் பல காலம் நடத்திவந்தார்கள். 2005-ல் ரீட்டா புயல் கால்வெஸ்டன் தீவில் அந்தக் கோட்டை ஒரே அடியாக உள்ளே தள்ளியது. 2012-ல் மாநில உச்ச நீதிமன்றம், மெல்ல மெல்ல அரித்தால் வழி கூடவே நகரும், புயலில் ஒரே நாளில் போனால் புதிதாகத் தனியார் நிலத்தின்மேல் தாவாது என்று சொல்லிவிட்டது. கடல் அவசரப்பட்டால் மக்களுக்கு நஷ்டம். எனக்கு இந்தத் தீர்ப்பு இன்றுவரை செரிக்கவில்லை.

எங்கள் வீட்டுச் சன்னலை ஒட்டிப் பொதுவழி. ராத்திரி பதினொரு மணிக்குப் பாட்டு, காலையில் பாட்டில். பொதுவழி வேண்டும் என்று எழுதும் உங்களுக்கு இது தெரியுமா?

தெரியும். என்னிடம் வந்த புகார்களில் பாதி உங்களைப் போன்றவர்களுடையது. அவற்றில் பெரும்பாலானவை வழியைப் பற்றியவை அல்ல, பெஞ்சைப் பற்றியவை. அழகாக இருக்கும் என்று சன்னலுக்கு நேரே பெஞ்சு வரைவார்கள். நடக்கிறவர் பத்து விநாடியில் போய்விடுவார், உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் இருப்பார். பெஞ்சை நகர்த்தச் சொல்லுங்கள். பாதையை உங்கள் தரைமட்டத்திலிருந்து ஒரு முக்கால் மீட்டர் இறக்கினாலே நடப்பவர் கண் சன்னலுக்குள் வராது. ராத்திரி மூடும் நேரம் நியாயமான நிபந்தனைதான், ஆனால் அந்த நேரம் வெளியே பலகையில் இருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சுவீடனில் பொதுவாகக் கரையிலிருந்து 100 மீட்டருக்குப் பாதுகாப்பு. அங்கே தடுக்கும் கட்டடத்துக்கு மட்டுமல்ல, மக்களைத் தயங்கித் திரும்ப வைக்கும் அமைப்புக்கும் தடை. வெட்டிவிட்ட புல்தரை, நாற்காலி, சின்னப் படகுத்துறை என்று நீர்வரை கொண்டுபோய் வைத்தால், வருகிறவர் அய்யோ யார் வீட்டுக்குள்ளேயோ வந்துவிட்டோம் என்று திரும்பிவிடுவார். வேலி போடாமலே வேலி. உங்கள் தொட்டிச் செடிகள் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சக்கர நாற்காலியில் இருக்கும் என் அம்மாவைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும். சரிவுப் பாதை இருந்தும் முடியவில்லை.

சரிவு 12-க்கு 1 இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு மீட்டர் இறங்க 12 மீட்டர் நீளம். பெரும்பாலும் சரிவு சரியாக இருக்கும், அது முடிகிற இடத்தில் மணல் தொடங்கும், சக்கரம் புதையும். மணல்மேல் விரிக்கும் பாய் இருக்கிறது, சுருட்டி எடுத்துவைக்கலாம். நிபந்தனையில் 'சரிவுப் பாதை' என்று மட்டும் எழுதாமல் 'ஈர மணல் வரை சக்கரம் போகும் தளம்' என்று எழுதச் சொல்லுங்கள்.

அனுமதியில் பொதுவழி நிபந்தனை இருக்கிறது. கட்டடம் வந்து, ஆட்களும் குடிவந்துவிட்டார்கள். கதவு மட்டும் பூட்டியே இருக்கிறது. யாரிடம் போவது?

முதலில் ஒரு விஷயத்தைப் பாருங்கள்: வழியைப் பராமரிப்பவர் யார் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அது யாருடைய வழியும் இல்லை. கலிஃபோர்னியாவில் 'வழி தருகிறேன்' என்று உரிமையாளர் பதிவு செய்வார், ஏதாவது ஓர் அமைப்பு முன்வந்து அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் 21 வருஷத்துக்குள். யாரும் ஏற்காமல் காலாவதியானவையும் உண்டு. மாலிபுவில் 1983-ல் எழுதிக்கொடுத்த ஓர் இறங்குபாதை, வழக்கெல்லாம் முடிந்து 2005-ல்தான் திறந்தது. இந்த இழுவைக்கெல்லாம் பிறகு 2014-ல், கடலுக்குப் போகும் வழியை மறிப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 11,250 டாலர் வரை அபராதம் போட மாநிலக் கடலோர ஆணையத்துக்கு அதிகாரம் கொடுத்தார்கள். நீதிமன்றத்துக்கு ஓடாமல் தானே போடலாம். பூட்டுகள் அப்புறம்தான் கொஞ்சம் வேகமாகத் திறந்தன.

நீங்கள் செய்ய வேண்டியது: அனுமதி ஆணையின் நகலையும், இணைத்த வரைபடத்தின் எல்லாத் தாள்களையும் வாங்குங்கள். முதல் தாள் மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள், பொதுவழி கடைசித் தாள்களில்தான் இருக்கும். நிபந்தனை பத்திரப் பதிவாகியிருக்கிறதா, அடுத்து பிளாட் வாங்குகிறவருக்கு அது தெரியுமா என்று பாருங்கள். பதிவாகாத வழி முதல் மறுவிற்பனையோடு காணாமல் போகும். புகாரை அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கே, ஆணை எண்ணும் நிபந்தனை எண்ணும் போட்டு அனுப்புங்கள். கடல் எல்லோருக்கும் பொது என்று இரண்டு பக்கம் எழுத வேண்டாம். அதை நாங்கள் படிக்க மாட்டோம்.

படமும் இணையுங்கள், வெவ்வேறு நாட்களில் மூன்று நான்கு. பூட்டை மட்டும் கிட்டப்போய் எடுக்காதீர்கள். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, கதவு, கட்டடத்தின் பெயர்ப்பலகை, சாலை மூன்றும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். "இது எந்தப் பூட்டு என்று தெரியவில்லை" என்று ஓரத்தில் எழுதி, ஒரு புகாரை மூன்று மாதம் கழித்துத் திருப்பி அனுப்பியவன் நான்.